உப்பளப் பாலத்தில் அளந்த தூரம்

போன வாரம் எங்கள் பழைய கோட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உதவிப் பொறியாளர். "மேடம், ஒரு குவாரிக்கு டிராஃபிக் ரிப்போர்ட் வந்திருக்கு. இப்பல்லாம் வண்டிய கேமராவே எண்ணிக் குடுத்துருது. கம்பெனி குடுத்த எண்ணிக்கையெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் வேற என்ன பாக்கணும்?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை மேல் இல்லை. கேமரா மேலும் இல்லை. ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்து வண்டி எண்ணி முதுகு போன எனக்குத் தெரியும், கேமரா எவ்வளவு பெரிய உபகாரம் என்று. "சரியாத்தான் இருக்கு" என்றாளே, அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. என் மேசைக்கும் ஒரு காலத்தில் அப்படிச் சரியான அறிக்கை ஒன்று வந்தது. அதை எதிர்த்து நான் தப்பான அறிக்கை ஒன்று எழுதினேன். அப்புறம் கடைசியில் நான்தான் ஜெயித்தேன். இதையெல்லாம் போனில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தென்கடலோர மாவட்டத்தில் நாசரேத் என்கிற ஊரில் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் பிறந்தவள். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, நெடுஞ்சாலைத் துறையில் இளநிலை வரைதொழில் அலுவலராகச் சேர்ந்தேன். ஆறு வருடம் மேசையில் குனிந்து படம் வரைந்தேன். வெளிவேலைக்கு அனுப்புங்கள் என்று கேட்டால், "பொம்பளப் பிள்ளைய ரோட்டுல நிறுத்தவா?" என்பார்கள். கடைசியில் யாருக்கும் பிடிக்காத வேலையை என் தலையில் கட்டினார்கள். அதுதான் வண்டி எண்ணுவது. ஒரு தாள், ஒரு அட்டை, ஒரு பென்சில். பஸ்ஸுக்கு ஒரு பத்தி, லாரிக்கு ஒரு பத்தி, கார், இருசக்கர வண்டி, சைக்கிள், மாட்டு வண்டி. வண்டி போகப்போக நாலு கோடு, அதன் குறுக்கே ஒரு கோடு. சாயங்காலம் எல்லாவற்றையும் காராக மாற்ற வேண்டும். ஒரு லாரி மூன்று காருக்குச் சமம், ஒரு சைக்கிள் அரைக் காருக்குச் சமம். இந்தச் சாலை இத்தனை காரைத் தாங்கும் என்று விதிப்புத்தகம் சொல்லும். அதற்குள் அடங்கினால் சரி, மீறினால் சரியில்லை. இடது கையால் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டே வலது கையால் கோடு போடும் அளவுக்கு அதில் நான் தேறிவிட்டேன்.

அப்படியே படிப்படியாக ஏறி உதவிக் கோட்டப் பொறியாளர் ஆனேன். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது எங்கள் கோட்டத்துக்குப் புதிய கோட்டப் பொறியாளர் வந்து சேர்ந்தார். பேர் கனகராஜ். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், நேரடியாகத் தேர்வு எழுதி வந்தவர்.

மனிதர் கத்த மாட்டார். கத்தினால் நானும் திருப்பிக் கத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அறிக்கையைக் கொண்டுபோய் வைத்தால், "உக்காருங்க மேடம்" என்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பென்சிலைச் சீவுவார். ஏற்கெனவே ஊசி மாதிரி இருக்கும், ஆனாலும் சீவுவார். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உதட்டை அசைத்து அசைத்து வாசிப்பார். எந்த வரிக்கு ஆதாரம் போதவில்லையோ அந்த வரிக்கு நேரே ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பார். தப்பு என்று சொல்ல மாட்டார், வரியை அடிக்க மாட்டார், திருத்த மாட்டார். வெறும் புள்ளி. நான் எழுதிய முதல் அறிக்கை அம்மை போட்ட முகமாகத் திரும்பி வந்தது. முப்பது வருடம் சர்வீஸ் போட்டவளுக்கு எப்படி இருக்கும்! வீட்டுக்குப் போய் "அந்தப் புள்ளிக்காரன்" என்று என் வீட்டுக்காரரிடம் திட்டித் தீர்த்தேன். ஆபீசிலும் அவருக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது. யார் பரப்பினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் குவாரி அறிக்கை வந்தது. துறைமுகப் பக்கம் அலைதடுப்புச் சுவருக்காகக் கடலில் கொட்டக் கருங்கல் வேண்டும். உள்ளே மேற்கே ஒரு பாறை மேட்டில் ஒரு கம்பெனி குவாரி தொடங்க மனுப் போட்டிருந்தது. கல் எடுத்து, டிப்பர் லாரியில் ஏற்றி, உப்பளங்களுக்கு நடுவே போகும் எங்கள் சாலை வழியாகத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். அந்தச் சாலை இத்தனை டிப்பரைத் தாங்குமா, ஆபத்து உண்டா என்று எங்கள் துறை கருத்துச் சொல்ல வேண்டும். குவாரி என்றாலே எனக்கு ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆயுசு முழுக்கக் கல்லையும் ஜல்லியையும் கொட்டி ரோடு போட்டவள் நான். கல் வேண்டும்தான். அது எந்த வழியாகப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

கம்பெனி வைத்திருந்த ஆலோசகர் சென்னைக்காரர். வழவழ தாளில், வண்ணப் படங்களோடு அழகாக அறிக்கை செய்திருந்தார். ஏழு நாள் எண்ணிக்கை, எல்லாம் முறைப்படி. சாலையில் பாதி இடம் காலியாகக் கிடக்கிறது, டிப்பர் தாராளமாகப் போகலாம், வேறு மாற்று வழி இல்லை என்று முடித்திருந்தார். அவர் எண்ணிய தேதியைப் பார்த்தேன். மே மாதம் இரண்டாவது வாரம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

எங்கள் கடற்கரையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். படகு போகாவிட்டால் ஐஸ் வண்டி இல்லை, மீன் வேன் இல்லை, மீன்கூடை ஏற்றிய லோடு ஆட்டோ இல்லை. போதாததற்குப் பள்ளிக்கூடமும் லீவு. அந்த வாரத்தில் எங்கள் ரோட்டில் நாயே குறுக்கே படுத்துத் தூங்கும். அப்போது எண்ணிவிட்டு ரோடு காலி என்கிறாரே!

"மாட்டினார் சென்னைக்காரர்" என்று துள்ளிக் குதித்தேன். ஜூன் பாதியில் படகுகள் கடலுக்குப் போனதும், பள்ளிக்கூடமும் திறந்திருந்த அந்த முதல் வாரத்திலேயே, எங்கள் லாரி டிரைவர் சுடலைமுத்துவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஏழு நாள் நானே உட்கார்ந்து எண்ணினேன். அடேயப்பா! வண்டியா அது! கோடு போட்டுப் போட்டு விரல் மரத்துப்போனது. கூட்டிப் பார்த்தால் சாலை ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, ஒரு டிப்பருக்குக்கூட இடமில்லை. சுடச்சுட அறிக்கை எழுதிக் கொண்டுபோய் வைத்தேன்.

கனகராஜ் சார் கண்ணாடி துடைத்தார், பென்சில் சீவினார், வாசித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டியும் புள்ளி விழவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கடைசிப் பக்கத்தில் "வழக்கமான ஒரு வாரத்தில் எடுக்கப்பட்ட எண்ணிக்கை" என்ற வரியில் பென்சில் நின்றது. ஒரு புள்ளி.

"இது வழக்கமான வாரமுங்களா மேடம்?"

"ஸ்கூல் திறந்தாச்சு, படகு கடலுக்குப் போயாச்சு. இதவிட என்ன சார் வழக்கம் வேணும்?"

"எனக்குத் தெரியலீங்க. ஊருக்குப் புதுசுங்க நான். அதான் கேட்டனுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். இந்த ஒரு புள்ளியையும் அழித்துக் காட்டுகிறேன் பார் என்று நேரே மீனவர்கள் இருக்கும் திரேஸ்புரத்துக்கு வண்டியை விட்டேன். அங்கே ரோசம்மாள் என்று ஒரு மீன் வியாபாரி, எனக்குப் பல வருடப் பழக்கம். இருபது வருடமாக அந்தச் சாலையில்தான் லோடு ஆட்டோவில் மீன் கொண்டுபோய் விற்கிறவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மாள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எம்மா, இந்த வாரத்தயா எண்ணினிய? ரெண்டு மாசமாக் கட்டிக் கெடந்த போட்டு பூராவும் ஒரே நாள்ல கடலுக்குப் போயிருக்கு. மீனு மலையாக் குமிஞ்சு கெடக்கு. மதுரைலருந்தும் கேரளாலருந்தும் வண்டி வந்து நிக்கி. எங்களுக்கு இது கிறிஸ்மஸ் மாதிரில்லா! கிறிஸ்மஸ் அன்னைக்கு எங்க அடுப்ப எட்டிப் பாத்துட்டு, இவளுவ தெனமும் கறியாக்கித் தின்னுதாளுவன்னு எழுதுவியளா?"

என் மூக்கு உடைந்தது உடைந்ததுதான். அந்த ஆலோசகர் படகே போகாத வாரத்தில் எண்ணினார். நான் எல்லாப் படகும் ஒன்றாகப் போன வாரத்தில் எண்ணினேன். அவர் வெளியூர்க்காரர், தெரியாமல் செய்தார். எனக்கு என்ன கேடு? இந்த மண்ணில் பிறந்து, இந்தத் தடைக்காலத்தை வருடா வருடம் பார்த்துக்கொண்டே, ஜெயிக்கிற அவசரத்தில் அதே தப்பை மறுபக்கமாகச் செய்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்த் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் கனகராஜ் சார் மேசையில் என் அறிக்கையை வைத்து, "வாபஸ் வாங்கிக்கிடுதேன் சார்" என்றேன். அவர் கேலி பேசவில்லை. "இன்னொருக்கா எண்ணலாமுங்க" என்றார், அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் மீன்வரத்து சீரான பிறகு மறுபடி ஏழு நாள் எண்ணினோம். இந்தத் தடவை யாரும் குறை சொல்ல முடியாத எண்ணிக்கை. கூட்டியதை நம்பாமல் மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். ஆலோசகர் சொன்ன அளவுக்குச் சாலை காலி இல்லைதான். ஆனால் டிப்பரைத் தாங்கும். கணக்குப்படி தாங்கும். சென்னைக்காரர் தப்பான வழியில் போய்ச் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். நியாயமாக நான் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

எழுதத்தான் இருந்தேன். ஆபத்தான இடங்கள் பகுதியை ஒரு தடவை சரிபார்த்துவிடலாம் என்று குட்டிப்பாலத்துக்குப் போனேன். உப்பளத்துக்குக் கடல்தண்ணீர் கொண்டுபோகும் ஓடையின் மேல் இருக்கும் பாலம் அது. ஒரு லாரி போனால் பக்கத்தில் ஒரு சைக்கிள் போக இடமிருக்காது. இரண்டு பக்கமும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர், ஒதுங்க ஒரு சாண் இடம் கிடையாது. கிழக்கே சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே சாலை வளைந்து வரும். அந்த வளைவில் லாரி டிரைவருக்குப் பாலம் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று ஆலோசகர் அளந்திருந்தார். போதுமான தூரம் என்று எழுதியிருந்தார். நானும் சுடலைமுத்து பக்கத்தில் லாரியில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான், போதும்.

இறங்கி நின்றபோது மணி பன்னிரண்டு இருக்கும். உப்பு வாரும் பெண்கள் வேலை முடிந்து பாத்தியிலிருந்து சரிவில் ஏறி ஒவ்வொருவராகச் சாலைக்கு வந்தார்கள். பாலத்தைத் தாண்டினால்தான் அவர்கள் ஊர். முன்னால் வந்தவள் பேச்சியம்மாள். ஐம்பது வயது இருக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து உப்பில் நிற்பதாகச் சொன்னாள். சாலையில் கால் வைத்ததும் நின்று, நெற்றிக்கு மேல் இடது கையைக் குடை மாதிரி வைத்து, கிழக்கே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவள் பார்க்கிற திசையில் எங்கள் லாரி சும்மா நின்றுகொண்டிருந்தது.

"எக்கா, அங்கன வண்டி கிண்டி வருதா?" என்று என்னிடம் கேட்டாள்.

"எதுத்தாப்புல நிக்கே, தெரியலையா?"

"உப்பு வெளிச்சத்துல நின்னுட்டுப் பாத்தியவிட்டு ஏறினா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாதுக்கா. கண்ணுக்குள்ள உப்பாத்தான் கெடக்கும். போன வருசம் ஒரு உப்பு லாரிக் கண்ணாடி இந்தத் தோளுல இடிச்சுட்டு. வலது கை இன்னும் மேல தூக்க முடியல."

"சத்தமாவது கேக்காதா?"

"லோடு வண்டின்னா உறுமிக்கிட்டு வரும், தெரியும். காலி வண்டிதான் பறந்து வாரான். மேல்காத்து அடிக்கயில கெழக்கருந்து வாரவன் சத்தம் எங்கன கேக்கும்?" என்றவள், என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "என்னத்த அளக்கிய?" என்றாள்.

டிரைவருக்குப் பாலம் தெரிகிறதா என்று அளக்கிறோம் என்றேன்.

"அவன் பாக்கும்போது பாலத்துல ஆளே இருக்காதுல்லா. நாங்க இந்தச் சரிவுலருந்து அதுக்கப்புறந்தான ஏறுதோம்? எங்களுக்கு லாரி தெரியுதான்னு யாராவது அளந்தியளா?"

இத்தனை வருடம் காணும் தூரம், காணும் தூரம் என்று அளந்திருக்கிறேன். எல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனின் கண். ஒருநாள்கூட நடக்கிறவளின் கண்ணால் அளந்ததில்லை. கல் ஏற்றிக்கொண்டு கிழக்கே போகிற டிப்பரெல்லாம் கடலில் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பி வரும். பறந்து வரும். மேற்கிலிருந்து அடிக்கும் எதிர்க்காற்றில் சத்தம் கேட்காது. நாள் முழுக்க வரும். இந்தப் பேச்சியம்மாள் தினமும் பன்னிரண்டு மணிக்குக் குருட்டுக் கண்ணோடு இந்தச் சரிவில் ஏறி வருவாள். நான் கையெழுத்துப் போட இருந்தது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாளே வேலையில் இறங்கினேன். பாலத்திலிருந்து கிழக்கே சாலை ஓரத்தில் டேப் பிடித்துப் பத்து மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டேன். இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திப் போக்குவரத்தை நிறுத்தினோம். சுடலைமுத்து லாரியை வளைவிலிருந்து நடை வேகத்தில் மெதுவாகக் கொண்டுவர வேண்டும். பாத்தியிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த பெண் சாலையோரம் நின்று பார்த்து, லாரி கண்ணுக்குத் தெரிந்ததும் கையைத் தூக்க வேண்டும். நான் சிவப்புக் கொடியை அசைத்தால் லாரி நிற்கும். முன்சக்கரம் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வேன். பத்துப் பெண்கள், ஆளுக்கு மூன்று நாள், எல்லாம் அதே நேரம், அதே வெயில்.

அவர்களுக்கு ஒரே சிரிப்பு. "ஏளா, ஒனக்கு மாப்பிள்ள வாரான், நல்லாப் பாத்துக் கைதூக்கு" என்று ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்தார்கள். பேச்சியம்மாள் இடது கையைத் தூக்குவாள். எங்கள் விதிப்புத்தகப்படி காலி டிப்பரின் வேகத்தில் வரும் வண்டிக்குக் குறைந்தது தொண்ணூறு மீட்டர் தெரிய வேண்டும். ஒருத்தியும் நாற்பதைத் தாண்டவில்லை. காலி டிப்பர் நாற்பது மீட்டரை மூன்று நொடிக்குள் கடந்துவிடும். பாலத்தை நடந்து கடக்கப் பதினைந்து நொடி ஆகும்.

அறிக்கையை முழுக்கத் திருப்பி எழுதினேன். எண்ணிக்கையில் கம்பெனி சொல்வது சரி என்று முதல் பக்கத்திலேயே ஒத்துக்கொண்டேன். பிறகு பாலத்துக்கு வந்தேன். கனகராஜ் சார் வாசித்தார். அன்றைக்கு அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை, பென்சிலையும் சீவவில்லை. கடைசிப் பக்கம் வரை போய், மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஒரு புள்ளிகூட இல்லை!

"மாற்று வழி இல்லைன்னு அவங்க எழுதியிருக்காங்களே, அதுக்கு நாம என்ன சொல்றதுங்க?" என்றார்.

"அதுதான் சார் தெரியல."

அவர் அறிக்கையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் ஆபீசுக்குள் வந்தார் பாருங்கள், எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. பேண்ட் முழங்கால் வரை சேறு, சட்டைக் கையில் முள் கிழித்த கிழிசல். உப்பளங்களுக்கு வடக்கே லாரிகள் உப்பு ஏற்றப் போகும் மண்பாதை ஒன்று பாதியில் நின்றுவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். "நிக்கலீங்க மேடம். முள்ளுதான் மூடியிருக்குதுங்க. துறைமுகத்துக்குப் போற நாலுவழிச் சாலை வரைக்கும் போகுது. நடந்து பார்த்தனுங்க" என்றார். பாலமும் ஊரும் எதுவும் குறுக்கே வராத பாதை. கொஞ்சம் சுற்று, கம்பெனி தன் செலவில் போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அவரைப் புள்ளிக்காரன் என்று நான் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னாலும் சண்டைக்குப் போனேன்.

மாவட்ட அளவில் கூட்டுத் தணிக்கைக்கு நாள் குறித்தார்கள். அதிகாரிகள், கம்பெனிக்காரர்கள், ஆலோசகர், எல்லோரும் குட்டிப்பாலத்தில் கூடினோம். ஆலோசகர் நான் நினைத்த மாதிரி கிழவர் இல்லை. முப்பத்தைந்து வயது, கூலிங்கிளாஸ், நல்ல மரியாதை. என் அறிக்கையைக் கவனமாகப் படித்திருந்தார். "மேடம், உங்க அளவை நான் மறுக்கலை. ஆனா அவங்களுக்குப் பார்வைக் குறைபாடு. அது மெடிக்கல் பிரச்சினை. அதுக்கு ரோடு என்ன செய்யும்?" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, உங்க கண்ணு நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

"அப்போ அந்தக் கண்ணாடியக் கழத்திட்டு அரை மணி நேரம் பாத்தியில போய் நில்லுங்க. அந்த அம்மாமாரு உப்பு வாரட்டும், நீங்க சும்மா பாத்துக்கிட்டு நின்னாப் போதும். அப்புறம் ஏறி வந்து கை தூக்குங்க."

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அரசு அதிகாரி இப்படிப் பேசலாமா என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. அப்போது கனகராஜ் சார் ஷூவைக் கழற்றினார். பேண்டை மடித்துவிட்டார். "நானும் வரேனுங்க, வாங்க போலாம்" என்று ஆலோசகரின் தோளில் கை போட்டுச் சரிவில் இறங்கினார். அதற்கப்புறம் அந்தப் பையன் என்ன செய்வான்? அவனும் இறங்கினான்.

பதினொன்றரை மணி வெயில். வெள்ளை வெளேரென்ற பாத்தியில் இரண்டு பேரும் நின்றார்கள். பேச்சியம்மாள் கூட்டம் அவர்களைச் சுற்றி உப்பு வாரிக்கொண்டே, "ஏ சாரு, கண்ண மூடக்கூடாது கேட்டியளா, நாங்க மூடுதமா?" என்று விரட்டிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆனதும் இருவரும் சரிவில் ஏறினார்கள். ஆலோசகர் சாலையோரம் நின்று கிழக்கே பார்த்தார். நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி வளைவைத் தாண்டியது. கை எழவில்லை. மரநிழலிலிருந்து வெளியே வந்தது. கை எழவில்லை. அறுபதுக் கோடு, ஐம்பதுக் கோடு. நாற்பதும் தாண்டியது. அப்புறம்தான் அவர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்து கையைத் தூக்கினார்.

டேப்பை நான் தொடவில்லை. "நீங்களே அளங்க" என்றேன். குனிந்து அளந்தார். முப்பத்திரண்டு மீட்டர். பேச்சியம்மாளைவிடக் குறைவு! கனகராஜ் சார் தன் முறைக்கு நின்றார். முப்பத்தைந்து. பெண்கள் பாத்தியிலிருந்து போட்ட கூச்சலும் கைதட்டலும் ஊர் வரைக்கும் கேட்டிருக்கும். "சென்னைக் கண்ணவிட எங்க கண்ணு மேல்லா!" என்று ஒருத்தி கத்தினாள்.

அந்தப் பையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மழுப்பவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு தன் அறிக்கையிலேயே பாலத்துக்கான பக்கத்தைத் திறந்து, "போதுமான தூரம்" என்ற வரியை அடித்துவிட்டு, முப்பத்திரண்டு மீட்டர் என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கம்பெனிக்காரர் முகம் கறுத்தது. கனகராஜ் சார் மண்பாதையின் வரைபடத்தை லாரி பானெட்டின் மேல் விரித்தார். "மாற்று வழி இருக்குதுங்க" என்று தொடங்கி, ஒரு மணி நேரம் அங்கேயே நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார்.

உத்தரவு வந்தபோது நான் ஆபீசில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தேன். குவாரிக்கு அனுமதி உண்டு. ஆனால் வடக்கு மண்பாதையைத் தார்ச்சாலையாகப் போட்டு முடிக்கும்வரை ஒரு கல்கூட வெளியே போகக் கூடாது. போட்ட பிறகும், லோடு வண்டியோ காலி வண்டியோ, ஒரு டிப்பரும் குட்டிப்பாலத்தில் ஏறக் கூடாது. நான் எழுதிய வாசகம் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன்.

என் ஓய்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது குவாரியின் முதல் லோடு கிளம்பியது. உத்தரவு உத்தரவாக இருக்கும், வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். அது எனக்குத் தெரியாதா? காலை ஆறு மணிக்கே தாளும் அட்டையுமாகக் குட்டிப்பாலத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். டிப்பருக்கென்று தனியாக ஒரு பத்தி போட்டுக்கொண்டேன். பஸ் போனது, மீன் வேன் போனது, பள்ளிக்கூட ஆட்டோ, சைக்கிள் எல்லாம் போனது. வடக்கே தூரத்தில் புதிய சாலையில் டிப்பர்கள் வரிசையாகப் போவது தெரிந்தது. ஒவ்வொன்றும் திரும்புகிற இடத்தில் நான் பென்சிலைத் தூக்கிப் பிடித்தேன். ஒன்றுகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பேச்சியம்மாளும் மற்றவர்களும் சரிவில் ஏறி வந்தார்கள். கண்ணுக்குள் உப்பு கிடக்கத்தான் செய்தது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். என்னைக் கண்டதும், "எக்கா, காலையிலருந்து எத்தன டிப்பரு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு வெயில்ல உக்காந்திருக்கிய?" என்று சிரித்தாள்.

நான் டிப்பர் பத்தியில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டேன். எல்லாப் பெண்களும் பாலத்தின் மேல் ஏறினார்கள். பேச்சியம்மாள் நடுப்பாலத்தில் நின்று, தூக்குச்சட்டியைத் திறந்து, மிச்சமிருந்த பழைய சோற்று நீச்சத்தண்ணியை அண்ணாந்து குடித்தாள். அவசரப்படவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கிழக்கே திரும்பிக்கூடப் பார்க்காமல் ஊரைப் பார்த்து நடந்தாள்.